அங்க போனா நீ எனக்கு யாரு?

"அங்க போனா நீ எனக்குப் பொண்டாட்டி இல்லியாமே? அப்பறம் நா எதுக்கு முழுகணும்? வர்ல, போ!"

கோமுகி வாய்க்கா கரையிலயே குந்திட்டான் மாயவன். பொண்டாட்டி ஆயம்மாளுக்கு ஒரே பதட்டம். இருக்காதா பின்ன? இந்த ஞானஸ்நானத்துக்குப் புருசன சம்மதிக்க வெக்க அவ பட்ட பாடு கொஞ்சமா? இவன் முழுகலன்னா, செத்தப்பறம் அவ ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம்னு ஆயிடுமேன்னுதான் அவளுக்கு பயமே.

இடுப்பளவு தண்ணியில நின்னுக்கினு இருந்த கவியரசன் பாஸ்டரு, "அண்ணே, ஏசு ஒங்களுக்காக ரத்தம் சிந்துனத நம்புறீங்கதான?"ன்னாரு.

"அதுல இன்னா சந்தேகம்? நா வாங்க வேண்டிய அடிய அவரு வாங்கிக்கினாரு. அந்த மனசு யாருக்கு வரும்? ஆனா நேத்து பிரசங்கத்துல நீங்கதான சொன்னீங்க, பரலோகத்துல புருசனும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல, எல்லாரும் தேவதூதருங்க மாதிரின்னு? அங்க போயி இவளாண்டயே 'நீங்க யாருங்க'ன்னு கேக்கணுமா நானு?"

பைபிள்ல இருக்கறத பாஸ்டரு இல்லன்னு எப்பிடி சொல்லுவாரு, பாவம்!

ஆயம்மாளுக்கு சிரிப்பு வந்துடுச்சி. "அங்கயாவது ஒனக்குக் கொழம்பு வெக்காம நிம்மதியா இருக்கறேனே, வுடேன்யா!"

மாயவன் மூஞ்சி சுருங்கிப் போச்சி. அப்பதான் அவளுக்கு ஒறைச்சிது, மனுசன் வெளையாடல, நெசமாவே நொந்துட்டான்னு. பக்கத்துல போயி குந்துனா.

"யோவ், நா கச்சிராயபாளையத்துக்கு மொத மொத கரும்பு வெட்ட வந்தப்ப ஒனக்கு யாரு? பொண்டாட்டியா?"

"இல்ல."

"மாமன் பொண்ணா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு தெனமும் பஸ் ஸ்டாண்டுல வந்து பல்லக் காட்டிக்கினு நின்ன?"

மாயவனுக்கு வெக்கம். கல்வராயன் மலையப் பாக்குற மாதிரி திரும்பிக்கினான். "புடிச்சிருந்திச்சி. நின்னேன்."

"அதான்யா. அங்கயும் வந்து நில்லு. நா பாக்க மாட்டனா?"

அவ்ளோதான்! துண்ட அவ மேல வீசிட்டு தடதடன்னு தண்ணியில எறங்கிட்டான். பாஸ்டரு முக்கித் தூக்குனா, மூக்குல தண்ணி ஏறி தும்மிக்கினே சிரிக்கறான். கரையில இவ கை தட்டறா.

பாஸ்டருக்குத்தான் ஒரே யோசன. ஆயம்மா சொன்னது வேதத்துல இல்லதான், ஆனா அப்பிடி இருக்காதுன்னும் எங்கயும் போடலியே? அங்க தாலி இல்லன்னா பாசமும் இருக்காதுன்னு அர்த்தமா இன்னா? நீங்களே சொல்லுங்க, ஆயம்மா சொன்னது சரிதான?