எர்த் அடிக்குது

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கை இருப்பது சோறு அள்ளவும் செல்போனைத் தேய்க்கவும்தான் என்பது உபைதுல்லாவின் தீர்மானம். குழாய் ஒழுகினால் ஒரு ஆள், கதவு கிறீச்சிட்டால் ஒரு ஆள், பல்பு போனால் அதற்கும் ஒரு ஆள். வருகிறவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "யாரு காக்கா இந்த வேலையப் பார்த்தது?" என்பான். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் அதிராம்பட்டினத்தில், அப்படிக் கேட்காத எலக்ட்ரீசியனை அவர் இன்னும் பார்க்கவில்லை.

அதனால்தான் மருமகள் ஹாஃபிஸா அடுப்படியிலிருந்து, "மாமா, கிரைண்டர்ல எர்த் அடிக்குது. அப்சர் காக்காவக் கூப்பிடவா?" என்று கேட்டதும் அவருக்குச் சுள்ளென்று வந்தது.

"ஷாக்கா அடிச்சுச்சு?"

"ஷாக்கு இல்ல மாமா. சும்மா சுர்ருங்குது. எர்த்துதான்."

ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆளைத் தூக்கி எறிந்தால் ஷாக். விரல் நுனியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தால் எர்த். ஷாக் என்றால் பயப்படுவார்கள். எர்த் என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு மாவாட்டுவார்கள். ஹாஃபிஸாவும் செருப்போடுதான் நின்றாள்.

உபைதுல்லா புறங்கையால் தொட்டுப் பார்த்தார். சுர்ரென்றது. பிளக்கைப் பிடுங்கி அதன் ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை. பச்சைதான் எர்த் என்பது அவருக்குத் தெரியும். மகன் ஃபஹத் சவூதியிலிருந்து லீவில் வந்து வீடு கட்டியபோது, அப்சர் கொல்லையில் குழி வெட்டி, குழாயை இறக்கி, உப்பும் கரியும் கொட்டி, அதிலிருந்து பச்சைக் கம்பியை இழுத்துக்கொண்டு போனான். கருவாட்டுக்குப் போடுகிற மாதிரி இரும்புக்கு உப்புப் போடுகிறானே, வாரம் ஒருமுறை குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறானே, இவன் கம்பியா நடுகிறான் தென்னையா நடுகிறான் என்று அன்றைக்கே அவருக்குச் சந்தேகம். தண்ணீர் ஊற்றவே இல்லை.

இப்போது விஷயம் அவருக்குத் தெளிவாக இருந்தது. அடிப்பது எர்த். எர்த் என்பது பச்சைக் கம்பி. வெட்டிவிட்டால் தீர்ந்தது.

கத்தரித்து, முனையில் டேப் சுற்றி, பிளக்கை மூடிச் சொருகினார். தொட்டார். ஒன்றுமில்லை. உள்ளங்கையை முழுசாக வைத்து அழுத்தினார். ஒன்றுமே இல்லை.

"தெரியாத வேலைய எதுக்குங்க நோண்டுறீங்க?" என்றாள் மனைவி ரஹ்மத் பீவி.

"நின்னுச்சா இல்லியா? அதச் சொல்லு."

நின்றுதான் போயிருந்தது.

"இன்னும் எதுக்கும்மா செருப்பு? அதான் சரி பண்ணியாச்சே," என்று மருமகளையும் ஒரு பிடி பிடித்தார். ஹாஃபிஸா சிரித்துக்கொண்டே செருப்பை வாசற்படிக்கு வெளியே கழற்றிவிட்டாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அடுப்படி ஜன்னலில் சாரல் அடித்துத் தரையெல்லாம் நனைந்து கிடந்தது. ஹாஃபிஸா ஆப்பத்துக்கு அரிசி போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். உபைதுல்லா கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமி, தேங்காய இப்பவே போட்டுட..."

பேச்சு அங்கேயே நின்றது. கிரைண்டர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் முதலில் காதில் வாங்கவில்லை. பாதியில் விட்ட சொல் திரும்ப வரவே இல்லை என்பது உறைத்ததும் எழுந்து போய் எட்டிப் பார்த்தார்.

ஹாஃபிஸா நின்றுகொண்டுதான் இருந்தாள். ஒரு கை கிரைண்டரின் விளிம்பில் ஒட்டியிருந்தது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. கண் திறந்து அவரையே பார்த்தது. வாய் எதையோ சொல்லப் பார்த்தது, சத்தம் வரவில்லை. வெறுங்கால் இரண்டும் தண்ணீரில் இருந்தன.

உபைதுல்லா உள்ளே காலை வைத்தார். ஈரம் ஜில்லென்றது.

"தொடாதீங்க!" பின்னாலிருந்து ரஹ்மத் பீவி அலறினாள். "யா அல்லாஹ்! தொடாதீங்க!"

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சுவிட்ச் எதிர்ச் சுவரில், ஹாஃபிஸாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் அந்தத் தண்ணீர். கரைவலை இழுத்துக் காலமெல்லாம் கழுத்தளவு கடலில் நின்ற மனுஷன், ஒரு விரல் ஆழம்கூட இல்லாத தண்ணீரைத் தாண்ட முடியாமல் நின்றார். அவள் கண் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி ஓடினார். கைலி காலில் சுற்றியது. முன்வாசல் பெட்டியைத் திறந்து மெயினை இறக்கினார். கண்ணில் பட்ட மற்றதையும் இறக்கினார். கிரைண்டர் முனகி அடங்கியது. அடுப்படியில் தொப்பென்று ஏதோ விழுந்தது.

அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

உள்ளே போகவேண்டும். கால் வரவில்லை. பெட்டியைப் பிடித்த கையையும் எடுக்க முடியவில்லை. ஒரு இருமல், ஒரு முனகல், ஏதாவது ஒன்று வந்துவிட வேண்டும், யா ரப்பே, ஏதாவது ஒன்று. ரஹ்மத் பீவி "ஹாஃபிஸா, ஹாஃபிஸா" என்று கன்னத்தில் தட்டுவது கேட்டது. தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவள் மாதிரி ஒரு மூச்சை இழுக்கும் சத்தம். அப்புறம் அழுகை.

பக்கத்து வீட்டார் ஆட்டோ கொண்டுவந்து அவளை ஏற்றும்வரை உபைதுல்லா பெட்டியை விட்டு நகரவில்லை. எவனாவது வந்து மெயினைத் தூக்கிவிட்டால்?

ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்து, படுக்க வைத்து, பிழைத்தது பெரிய விஷயம் என்று சொல்லி அனுப்பினார்கள். உள்ளங்கையில் கட்டோடு அவள் வீடு வந்த பிறகு அப்சர் வந்தான். பிளக்கைத் திறந்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"யாரு காக்கா இந்த வேலையப் பார்த்தது?"

உபைதுல்லா கூரையைப் பார்த்தார்.

"எர்த் எங்க காக்கா அடிச்சுச்சு? கொல்லை மோட்டார்ல கரண்டு கசியுது. குழி தண்ணி காணாம காஞ்சு கெடந்திருக்கு. கீழ எறங்க வழியில்லாம, வீடு முழுக்க ஓடுற பச்சைக் கம்பியில ஏறி, கிரைண்டருக்கு வந்து சுர்ருன்னிருக்கு. நீங்க கம்பிய வெட்டினீங்க, நின்னுச்சு. அப்புறம் மாவுத் தண்ணி கிரைண்டர் உள்ள எறங்கி, இதோட கரண்டே பாடிக்கு வந்துடுச்சு. மழையில குழியும் நனைஞ்சிருந்துச்சு, கம்பி இருந்தா அதுல ஓடியிருக்கும். இல்ல. அந்தப் புள்ள கால்ல ஓடிடுச்சு."

"வெட்டினதும் நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு காக்கா. அதுதான் ஆளைக் கொல்லப் பார்த்துச்சு. கரண்டு கசிஞ்சா தானா அணைச்சிடுற ட்ரிப்பரும் அன்னைக்கே போடச் சொன்னேன். சும்மா சும்மா விழும், வேணாம்னீங்க."

போனில் ஃபஹத் அழாத குறையாகக் கத்தினான்: "வாப்பா, இனிமே ஸ்க்ரூடிரைவர கையால தொடாதீங்க!"

அப்சர் மோட்டாரையும் கிரைண்டரையும் பிரித்துச் சரி பண்ணி, பச்சைக் கம்பியைப் புதிதாகப் பூட்டி, ட்ரிப்பரையும் மாட்டினான். குழி நிறையத் தண்ணீர் ஊற்றினான். கிரைண்டரை ஓடவிட்டான்.

"வந்து கை வைங்க காக்கா. எறும்புகூட ஊராது."

உபைதுல்லா செருப்போடு வந்தார். கையை நீட்டினார். ஹாஃபிஸா வாசற்படியில் செருப்போடு நின்றாள். கிரைண்டரை அவள் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்த அதே கண். கை பாதியில் நின்றது.

"அடிக்கிறதுக்குப் பேரே எர்த்து. அதுவே காப்பாத்துமாம்," என்றார். "இவன் சொன்னான், நாம நம்பணும்."

கையை மடக்கிக் கைலியில் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார், குழி ஈரத்தில் கால் படாமல் நன்றாகத் தள்ளிச் சுற்றிக்கொண்டு.