துப்பாக்கி கொண்டுவந்த தாய்மாமன்

மலைக்கு அந்தப்பக்கத்து மாநிலத்தில், கூட இருக்கிற எந்தப் பொருளை மறந்துபோய் எல்லையைத் தாண்டுகிறோமோ, அந்தப் பொருள்தான் நம்மைக் கொண்டுவருகிறது என்பது சட்டம். பையில் குடை இருப்பதை மறந்துவிட்டால், அந்த ஆளைக் குடை கொண்டுவந்ததாக எழுதிக்கொள்வார்கள். குடைக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதனால் தொல்லையும் இல்லை. எங்கள் தெரு ரேஷன் கடைக்காரரை ஒரு தடவை அவருடைய பல்செட் கொண்டுபோய், சாயந்தரமே பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தது. என்னைக் கொண்டுபோனது இரட்டைக்குழல் துப்பாக்கி.

எனக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றியை விரட்டுவதற்காக முறைப்படி லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் துப்பாக்கி அது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிவர வேண்டும். இந்த முறை வாங்கிவந்தவன், அதை ஜமுக்காளத்தில் சுற்றிக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்தேன். வீட்டுக்குள் எடுத்துப்போகவில்லை. என் புத்தி அப்போது வேறொரு வேலையில் இருந்தது.

மறுநாள் என் தங்கை ஜெயக்கொடியின் மகள் சிவரஞ்சனிக்குக் கல்யாணம். தங்கை மலைக்கு அந்தப்பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் பரமன் அங்கே ஏலக்காய் விவசாயம் செய்கிறார். நான் தாய்மாமன். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வரவேண்டும். ஆனால் பரமனும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்தில், வாசல்படி லேசாகக் கோணலாக இருக்கிறது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். பரமன் கையில் பாயச டம்ளரோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார். டம்ளரை என்னிடம் கொடுத்தார், போனார். அதற்குப்பிறகு பேச்சில்லை.

கல்யாணத்தில் அவரிடம் என்ன பேசுவது என்று நான் வாக்கியம் தயாரித்துக்கொண்டிருந்தேன். “வாசல்படி நேராகத்தான் இருக்கு மாப்ளே” என்றால் அது பொய். “கோணலாக இருந்தாலும் அழகாக இருக்கு” என்றால் பழைய புண்ணைக் கிளறுவது. என் மனைவி முத்துப்பேச்சி, எதுவும் பேசாமல் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு சிரித்தால் போதும் என்றாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை.

காலையில் சீர்வரிசைத் தட்டுகளை ஜமுக்காளத்தின் மேலேயே அடுக்கினேன். தேங்காய் உருளாமல் இருக்கக் கையை விட்டுப் பார்த்த முத்துப்பேச்சி, அடியில் என்னவோ கெட்டியாக நீளமாக இருக்கிறதே என்று கேட்டாள்.

“குத்துவிளக்கு” என்றேன்.

“குத்துவிளக்கு என் மடியில இருக்கு” என்றாள்.

நான் அப்போது மூன்றாவது வாக்கியத்தில் இருந்ததால் அது காதில் விழவில்லை. வண்டியை எடுத்துவிட்டேன்.

சோதனைச்சாவடியில் பிரசன்னன் என்ற அதிகாரி இருந்தார். ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்த்தார். துப்பாக்கியைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அதற்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு என் லைசென்ஸை வாங்கிப் படித்தார். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் என்று அதில் போட்டிருந்தது.

இனி எல்லாம் நான் சொல்லப்போகும் பதிலில்தான் இருக்கிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். துப்பாக்கி இருப்பது தெரிந்தே வந்தேன் என்றால், அனுமதியில்லாமல் அதை நான் கடத்திவந்திருக்கிறேன், முதலில் ஜெயில், அப்புறம் கேஸ். மறந்துபோய் வந்தேன் என்றால், அனுமதியில்லாமல் துப்பாக்கி என்னைக் கடத்திவந்திருக்கிறது. கேஸ் அதன்மேல் வரும், நான் பறிமுதல் ஆவேன்.

“தெரியுமோ, மறந்துபோச்சோ? ஆலோசிச்சுச் சொன்னால் மதி, போதும்” என்றார்.

நான், அது வந்து சார், தேர்தல் முடிஞ்சு, என்று ஆரம்பித்தேன். முத்துப்பேச்சி என் கையைத் தொட்டாள்.

“மறந்துட்டீங்கல்ல? அதை மட்டும் சொல்லுங்க.”

“மறந்துட்டேன்” என்றேன்.

அதற்குப்பிறகு பிரசன்னன் என்னிடம் பேசவில்லை. துப்பாக்கியை நாற்காலியில் சாய்த்து வைத்து, மின்விசிறியை அதன்பக்கம் திருப்பினார். இந்த ஆளை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். துப்பாக்கி ஒன்றும் சொல்லவில்லை. ஆளைக் கொண்டுவர அனுமதி உண்டா என்று கேட்டார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல குடும்பத்துத் துப்பாக்கி என்று பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம் தணிந்த குரலில் சொன்னார்.

பிறகு என்னைப் பரிசோதித்தார்கள். நீளம் அளந்தார்கள். வாயைத் திறக்கச்சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மூச்சுக்கு ஒரு குழல், சோற்றுக்கு ஒரு குழல் இருந்ததால் இரட்டைக்குழல் என்று எழுதிக்கொண்டார்கள். லோடு செய்திருக்கிறதா என்று முத்துப்பேச்சியைக் கேட்டார்கள். காலையில் எட்டு இட்லி சாப்பிட்டார் என்று அவள் உண்மையைச் சொன்னாள். அதனால் முன்னெச்சரிக்கையாக என் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்தார்கள்.

முத்துப்பேச்சி மேல் எந்தக் குற்றமும் இல்லை. காருக்குள் இருந்த எல்லாவற்றையும், டாஷ்போர்டில் கிடந்த பழைய சீப்பு உட்பட, அவள் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவளை எதுவும் கொண்டுவரவில்லை, அவளேதான் வந்திருக்கிறாள் என்று முடிவானது.

சாலைக்கு எதிர்ப்பக்கம் அலுவலகம் வைத்திருந்த லிஸி வக்கீல் வந்தார். நான் நடந்ததைச் சொல்லத் திரும்பினேன். சரக்கிடமிருந்து தகவல் வாங்கினால் தன் கட்சிக்காரருக்குத்தான் கெடுதல் என்று மென்மையாகச் சொல்லி, என்னை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். அவர் கட்சிக்காரர் துப்பாக்கி.

பக்கத்துக் கட்டடத்தில் மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு மேஜைமேல் வைத்தார்கள். லிஸி வக்கீல் நன்றாக வாதாடினார். தன் கட்சிக்காரர் பல வருஷமாக ஒரே வீட்டில் குடியிருப்பவர், இந்த ஆளை நல்லபடியாகப் பராமரித்து வந்திருக்கிறார், ஒரு தடவைகூட யார்மேலும் வெடிக்கவிட்டதில்லை என்றார். கடைசியில் சொன்னதற்கு முத்துப்பேச்சி லேசாக இருமினாள். மாஜிஸ்திரேட் அவளைப் பார்த்தார்.

“கிரகப்பிரவேசத்துல ஒரு தடவை வெடிச்சாருங்க” என்றாள்.

அதையும் குறித்துக்கொண்டார்கள். ஆனாலும் துப்பாக்கிக்கு ஜாமீன் கிடைத்தது. கேஸ் முடியும்வரை அது மாநிலத்தை விட்டுப் போகக்கூடாது, உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பில் இருக்கவேண்டும். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி பரமனுக்குப் போன் செய்தாள். பட்டுவேட்டியோடு அவர் ஜீப்பில் வந்து இறங்கினார். மேஜைமேல் இருந்த என்னை ஒருமுறை பார்த்தார். பெயரும் ஊரும் சொல்லிவிட்டு, துப்பாக்கியை இரண்டு கையாலும் வாங்கி முன்சீட்டில் உட்காரவைத்தார். முத்துப்பேச்சி சீர்வரிசையோடு பின்னால் ஏறினாள். ஜீப் போய்விட்டது.

அப்போதுதான் எனக்குச் சரியான வாக்கியம் கிடைத்திருந்தது. சொல்ல ஆள் இல்லை. சுவரைப் பார்த்து, “படி எப்படி இருந்தா என்ன மாப்ளே, அதுல இறங்கித்தானே எங்க பிள்ளை மணவறைக்குப் போகுது” என்றேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், சரக்கு ஒருமுறை தானாக வெடித்தது என்று பிரசன்னனிடம் போய்ச் சொன்னார். ஒருவருக்கும் காயமில்லை.

என்னைப் பறிமுதல் அறையில், ஒரு மிக்ஸிக்கும் கிராம்பு மூட்டைக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார்கள். மண்டபம் தொலைவில் இருந்தது. அங்கே மேளம் கொட்டியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிவரஞ்சனிக்கு முதல் மொட்டை என் மடியில்தான் போட்டார்கள். காது குத்தும்போது என் விரலைக் கடித்தாள், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவள் யார் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு வருவாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. பறிமுதல் பொருள்கள் அழுவதற்குத் தடை ஒன்றும் இல்லை. மிக்ஸி நனைந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

சாயந்தரம் முத்துப்பேச்சி வந்தாள். துப்பாக்கியின் சார்பில் அதன் உடைமையைப் பார்வையிட வந்ததாகச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தாள். கல்யாணச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். இலையை விரித்துப் பரிமாறிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

தாய்மாமன் மாலையைத் துப்பாக்கிக்குத்தான் போட்டார்களாம். சிவரஞ்சனி அதன் தோல்வாரைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு வந்தாளாம். இது யார் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, எங்கள் அண்ணனைக் கொண்டுவந்தவர் என்று ஜெயக்கொடி சொல்லியிருக்கிறாள். அவர்கள் எழுந்து வணங்கினார்களாம். துப்பாக்கி நிமிர்ந்தபடியே இருந்திருக்கிறது. அதற்குப் போட்ட நாற்காலியில் மாப்பிள்ளையின் சித்தப்பா உட்கார்ந்துவிட்டார், அது ஒன்றும் சொல்லவில்லை. ரசத்தில் உப்பு கூடுதல், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

“அப்புறம் பரமன் அண்ணன் அதை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு” என்றாள்.

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

வாசலில் இரண்டு பேரும் ரொம்ப நேரம் நின்றார்களாம். படியைப் பார்த்தபடி நின்றார்களாம். கடைசியில் பரமன், “கோணல்தான். எனக்கும் தெரியும். கொத்தனார்கிட்ட அன்னைக்கே சொன்னேன், அவன் கேக்கல” என்றிருக்கிறார். துப்பாக்கி ஒன்றும் சொல்லவில்லை. பரமன் அதன் குழலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் அழுதாராம். பிறகு உள்ளே போய் இரண்டு டம்ளர் பாயசம் எடுத்துவந்து, ஒன்றை அதற்குப் பக்கத்தில் வைத்தாராம்.

“நீங்க போயிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?” என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

என் வாக்கியத்தைச் சொன்னேன். அவள் இன்னொரு அப்பளம் வைத்தாள்.

மறுநாள் விசாரணை. துப்பாக்கி தன் ஆளை அடையாளம் காட்டவேண்டும். என்னையும், காவலுக்கு நின்ற போலீஸ்காரரையும், டீக்கடைக்காரரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் முன்பும் துப்பாக்கியைப் பிடித்தார்கள். மற்ற இருவரும் பின்னால் நகர்ந்தார்கள். நான் நகரவில்லை, பல வருஷப் பழக்கம். அடையாளம் உறுதியானது.

முதல் தடவை என்பதாலும், நடத்தையைப் பற்றி மண்டபத்திலிருந்து நல்லபடியாகச் சொன்னார்கள் என்பதாலும், மாஜிஸ்திரேட் துப்பாக்கியை எச்சரித்து விட்டுவிட்டார். இனிமேல் இந்த ஆளை வெளிமாநிலத்துக்குக் கொண்டுவருவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், வெறும் வயிற்றோடு, தனியாகக் கட்டிக் கொண்டுவரவேண்டும் என்றார். துப்பாக்கி எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அன்றே என்னைத் திருப்பிக் கொண்டுபோகும்படி உத்தரவானது.

முத்துப்பேச்சிக்குக் கார் ஓட்டத் தெரியாது. பரமன் ஓட்டவந்தார். அவர் பக்கத்தில் துப்பாக்கி. பின்சீட்டில் முத்துப்பேச்சியும், ஜமுக்காளத்தில் சுற்றிய நானும். மலை உச்சியில் எல்லைக்கல் வந்ததும் அந்த மாநிலத்துச் சட்டம் முடிந்துவிட்டது. வண்டியை நிறுத்தி நானும் துப்பாக்கியும் இடம் மாறிக்கொண்டோம். அது பின்னால் இருக்கிறது என்று மூன்று பேரும் வாய்விட்டு ஒருமுறை சொல்லிக்கொண்டோம்.

பரமன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்துக்குப்பிறகு இவ்வளவு பக்கத்தில். என் வாய்க்குள் வாக்கியம் தயாராக இருந்தது.

கொஞ்சதூரம் இறங்கியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. கீழே நான்காவது கொண்டை ஊசி வளைவைக் காணோம். சாலை விளிம்புவரை வந்து நின்றுவிட்டு, கீழே பள்ளத்தில் மறுபடி ஆரம்பித்தது. பக்கத்து மலையில் ஒரு வளைவுக்குப் பிரசவம், இது துணைக்குப் போயிருக்கிறது, இருட்டுவதற்குள் வந்துவிடும் என்று சாலைப் பணியாளர் சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கிப் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தார்கள்.

பரமனும் நானும் இறங்கிச் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். முத்துப்பேச்சி காருக்குள் தூங்கிவிட்டாள். பரமன் சட்டைப்பையிலிருந்து கல்யாண லட்டு ஒன்றை எடுத்து, இரண்டாக உடைத்து, பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். வாய்க்குள் இருந்த வாக்கியத்தின் மேலேயே அதைப் போட்டுக்கொண்டேன். இரண்டும் சேர்ந்து கரைந்து உள்ளே போயின.

பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருமுறை அவர் என் தோளில் ஒட்டியிருந்த ஜமுக்காள நூலை எடுத்துப் போட்டார்.

“மச்சான்” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

வெயில் சாயும்போது வளைவு வந்து சேர்ந்தது. அந்த மலையில் மழை போலிருக்கிறது, நன்றாக நனைந்திருந்தது. ஆண் வளைவு பிறந்திருக்கிறதாம், தாயும் சேயும் நலம். அவசரத்தில் திரும்பிப் படுத்துவிட்டதால், எப்போதும் இடப்பக்கம் திரும்புகிற அது இப்போது வலப்பக்கம் திரும்பியது. முன்னால் போன பஸ் வலப்பக்கம் திரும்பியது. பரமனும் திருப்பினார். அந்தப் பக்கமும் எங்கள் ஊர் கம்பம் இருந்தது.