பெட்வே நிற்காத மூலை

டொலீடோ ஸ்டர்ஜன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ரஷாத் பெட்வேயின் வேலை காத்திருப்பது. எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனை மைதானத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டே ஓடி மடக்கும் கார்னர்பேக் அவன். அதிலும் மாற்று ஆள். முதல் ஆள் விழுந்தால்தான் இவன் எழ முடியும். முப்பத்தொரு வயது, அந்தத் தொழிலில் கிழம். இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அலபாமாவில் மச்சான் நடத்தும் டயர் கடைதான் கதி.

கடைசி ஆட்டத்தின் பாதியில் முதல் ஆள் தொடையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பெட்வே தலைக்கவசத்தை மாட்டினான்.

மேலே கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் ஹென்னிங்ஸன் கத்தியது, பயிற்சியாளர் டுப்ரீயின் காதுக்கருவியைத் தாண்டிப் பெட்வேக்கும் கேட்டது.

"அவன அனுப்பாதய்யா! இன்னும் ஒரு தடவ அவன் கால் உள்ள பட்டா ஊக்கத்தொகைய அள்ளிக் குடுக்கணும். ஒப்பந்தத்துல இருக்கு."

"அப்ப யார அனுப்ப? வேற ஆளில்ல பாஸ்."

"யாரையும் அனுப்பாத."

பதினொரு பேருக்குப் பதில் பத்துப் பேர் ஆடக் கூடாதென்று விதி ஏதுமில்லை. பத்துப் பேர் இறங்கினார்கள்.

எதிரணிக்காரன் ஆளில்லாத மூலையில் நின்று, போகிற பஸ்ஸை நிறுத்துகிறவன் போல இரண்டு கைகளையும் ஆட்டினான். "இங்க போடுறா, குருட்டுப் பயலே! இங்க ஒரு ஈ காக்கா இல்லடா!"

அவன் அணியில் பந்து எறிபவன் அந்த இடத்தை வெறித்துப் பார்த்தான். எவனாவது ஒரு மூலையைச் சும்மா விடுவானா? ஆட்டத்தை நிறுத்தச் சொல்லித் தன் பயிற்சியாளரிடம் ஓடினான். அவரும் பார்த்துவிட்டு, "என்னமோ வலை விரிச்சிருக்கானுங்க. அந்தப் பக்கம் மட்டும் போயிராத" என்றார்.

அதன்பிறகு ஒரு பந்துகூட அங்கே வரவில்லை. ஆள் நெரிந்த மறுபக்கத்திலேயே எறிந்து எறிந்து, பந்தைப் பறிகொடுத்துத் தோற்றார்கள்.

பெட்வே கோட்டுக்கு வெளியே நின்று, கடைசிவரை அந்த மூலையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது, அவனுக்கு வியர்த்தது.

திங்கட்கிழமை ஹென்னிங்ஸனும் டுப்ரீயும் ஆட்டத்தின் படத்தைப் போட்டு மதிப்பிட உட்கார்ந்தார்கள். கணினிக்கு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். அந்த மூலைக்கு எழுதியிருந்தது பெட்வேயின் பெயர்.

"வாடா பெட்!" என்றார் ஹென்னிங்ஸன். "இந்த சீசன்லயே இதான் டாப் மார்க்கு. உன்னத் தாண்டி ஒரு பந்து போகல."

"நான் ஆடவே இல்லயே பாஸ்."

"அடக்கத்தப் பாருய்யா!"

"ஆடினேன்னா ஊக்கத்தொகை எங்க?"

"அதெப்படி? நீதான் கால் வைக்கலயே."

மேசைமேல் புது ஒப்பந்தம் இருந்தது. இரண்டு வருடம், கூடுதல் சம்பளம். "இதே ஆட்டத்த ஆடு, போதும். கோட்ட மட்டும் தாண்டிராத."

"பந்து அங்க வந்துட்டா?"

"ஃபார்ம் போயிருச்சுன்னு அர்த்தம். கழட்டி விட்ருவோம்."

பெட்வே திரும்பிப் பார்த்தான். திரையில் அந்த வெற்று மூலை உறைந்து நின்றது. நான்கு வருடமாக அவன் இருந்த இடத்தை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. இப்போது அவன் இல்லாத இடத்தை, அவனையும் சேர்த்து மூன்று பேர் மூச்சடக்கிப் பார்க்கிறார்கள். டயர் கடையின் ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. பேனாவை எடுத்தவன் நிறுத்தினான்.

"கோச், கொஞ்சம் பின்னால ஓட்டுங்க."

டுப்ரீ ஓட்டினார். எதிரணிக்காரன் கைகளை ஆட்டினான். பெட்வே திரைக்கு அருகில் போய், ஆளில்லாத மூலையில் விரல் வைத்து நெடுநேரம் பார்த்தான்.

"கோட்ட ஒட்டி நிக்கிறேன் கோச். ஒரு எட்டு உள்ள தள்ளி நின்னிருக்கணும்."

டுப்ரீ பெருமூச்சு விட்டார். "அதத்தான்டா நானும் சொல்ல நெனச்சேன். பரவால்ல, அடுத்த வருஷம் திருத்திக்கலாம்."

பெட்வே கையெழுத்துப் போட்டான்.