தீக்குப் போகாத மூட்டை

மூன்றாவது தடவையும் காகித லோடு ஆலையிலிருந்து திரும்பி வந்தால் குப்பை பிரிக்கும் கூடத்தை மூடிவிடுவார்கள். நகராட்சி அதிகாரி ஹெந்த்ராவான் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, மழை வரும் என்பதுபோல் சொன்னார். டீசல் விலை ஏறிவிட்டது. வெளிநாட்டுக் கழிவுக்காகிதம் கப்பல் கப்பலாக வந்து இறங்குவதால் உள்ளூர்க் காகிதத்தை ஆலைக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் வாங்குகிறார்கள். குப்பையைப் பிரித்து வாங்குவதைவிட ஒன்றாக அள்ளி எரித்துவிடுவதே இப்போது மலிவு. இந்த லோடை ஆலை எடுத்துக்கொண்டால் வருஷக் கடைசிவரை லாரி ஓடும். இல்லையென்றால் கூடத்தின் பொறுப்பாளர் விகாதியும் அவளுடன் நின்று குப்பை பிரிக்கும் பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இரண்டு தடவையும் லோடு திரும்பியதற்குக் காரணம் ஒன்றே. ஆலையின் ஆள் கட்டுக்குள் கொக்கியை விட்டு இழுத்தபோது, செய்தித்தாளில் பொதிந்த குழந்தை டயப்பர் வெளியே வந்தது. சுற்றியிருந்த காகிதமெல்லாம் ஊறிப்போயிருந்தது.

அதனால் அன்று காலை விகாதி, அமுக்கிக் கட்டி அடுக்கியிருந்த கட்டுகளை எல்லாம் அறுக்கச் சொன்னாள்.

"நேத்துத்தான் கல்யாணப் பொண்ணு மாதிரி சிங்காரிச்சு வெச்சோம், இபு," என்று அவளை அம்மா முறையில் கூப்பிட்டுச் சொன்னான் லாரி ஓட்டும் காசியாத். "இன்னைக்கு அவுக்கச் சொல்றீங்க."

சொல்லிக்கொண்டே அறுத்தான். பெண்கள் தரையில் உட்கார்ந்து தாள் தாளாகத் தட்டிப் பார்த்தார்கள். சாப்பிட வாங்கி வைத்த சோயாத் தெம்பே வறுவலை யாரும் தொடவில்லை. மதியத்துக்குள் லாரி ஆலை வாசலில் நிற்க வேண்டும்.

ஹெந்த்ராவானும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு பெயர் வேண்டும். ஒரே ஒரு வீட்டைப் பிடித்து அபராதம் போட்டால் மற்ற வீடுகள் தானாக அடங்கும், மேலிடத்தில் காட்டவும் தனக்கு ஒன்று கிடைக்கும் என்றார்.

விகாதியின் கையில் அது அகப்பட்டது அப்போதுதான். செய்தித்தாள் பொதி. நாலைந்து மடிப்பு சுற்றி, மேலே பழுப்பு நிறப் பாத்திக் துணிக் கீற்றால் இறுக்கி முடிந்திருந்தது. அந்தத் துணியை அவளுக்குத் தெரியும். பேத்தி லாராஸைத் தூக்கிச் சுமந்த தோள்துணி. லாராஸ் இறந்த பிறகு மகள் ரத்ரி அதைக் கீறிப்போட்டாள். அடுத்துப் பிறந்தவனை வேறு துணியில்தான் தூக்கினாள்.

விகாதி பொதியை மேலங்கிக்குள் செருகினாள். எதிரில் இருந்த காசியாத் பார்த்துவிட்டான்.

"என்ன அது?" என்றார் ஹெந்த்ராவான்.

"செத்த எலி, பாக்," என்று ஐயா போட்டே சொன்னான் காசியாத். "அதுக்கும் அபராதம் போடறதுன்னா பேர் கேட்டுச் சொல்றேன்."

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று விகாதி கிளம்பினாள். வீடு பக்கத்துச் சந்துதான். நடக்க நடக்க அவளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. குழந்தை நனைத்ததை எரித்தால் குழந்தையின் தோல் வெந்துபோகும் என்பது அந்த ஆற்றங்கரையில் எல்லா வீட்டிலும் உள்ள பேச்சு. அதனால் பெண்கள் டயப்பரைப் பாலத்திலிருந்து பிராந்தாஸ் ஆற்றில் வீசிவந்தார்கள். நகராட்சி பாலத்துக்கு வலை கட்டியது. பிறகு குப்பைமேட்டில் கொட்டும் கட்டணம் ஏறவும், மிஞ்சும் குப்பையை எரிக்க உலை வாங்கினார்கள். அந்த உலை வந்த நாளில் மசூதி மைக்கில் பெருமையாக அறிவித்தது விகாதியேதான். காகித மூட்டை மட்டும் ஆலைக்குப் போகும், மீதி எல்லாம் இனிச் சாம்பல் என்றாள். தெருப் பெண்கள் கவனமாகக் கேட்டிருக்கிறார்கள். தீக்குப் போகாத மூட்டை எது என்று அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ரத்ரி பிள்ளைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். பொதியைப் பார்த்ததும் அவள் கை நின்றது. மறைக்கவில்லை.

"கழுவி, பிழிஞ்சு, தாள் சுத்தித்தாம்மா போட்டேன்."

"கட்டை அமுக்கினா இருக்கிற தண்ணியெல்லாம் வெளிய வரும்டி. எங்க எல்லாருக்கும் இன்னையோட வேலை போயிருக்கும்."

ரத்ரி மறுபடி பவுடர் டப்பாவை எடுத்தாள். விகாதிக்குக் கோபம் ஏறியது. லாராஸுக்கு வந்தது ரத்தத்தில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் அத்தனை தெளிவாகச் சொன்னார்களே, அதைக் கேட்ட பிறகுமா இந்தப் பைத்தியக்காரத்தனம் என்று ஆரம்பித்தாள்.

"அவங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சு," என்றாள் ரத்ரி. பிள்ளையிடம் பேசுவதுபோல் குனிந்துகொண்டே சொன்னாள். "லாராஸோடதைக் கொல்லையில போட்டு எரிச்சது நான்தாம்மா. எரிக்கலாமான்னு உங்ககிட்டதான் கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. மறுநாள் அவளுக்குக் காய்ச்சல்."

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற வார்த்தை விகாதியின் வாய்வரை வந்தது. பிள்ளை காலை உதைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் வார்த்தையை விழுங்கினாள்.

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"சொல்லி? உங்க தூக்கமும் போறதுக்கா?"

விகாதி பொதியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். கட்டுகளை மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றிலிருந்து எடுத்த வேறு வீட்டுப் பொதிகள் இரண்டு வெளியே கிடந்தன. அவள் தன் கையிலிருந்ததை ஹெந்த்ராவானின் முன்னால் வைத்தாள்.

"எலி இல்லை, பாக். என் வீட்டோடது. என் பொண்ணு போட்டது. எழுதிக்குங்க."

அவர் சங்கடப்பட்டார். பொறுப்பாளர் வீடே என்றால் எப்படி, அப்புறம் நீங்கள் இந்த இடத்தில் இருக்க முடியாதே என்று இழுத்தார். அது தெரிந்துதான் சொன்னேன் என்றாள் விகாதி.

"ஆனா ஒண்ணு. கைக்குழந்தை உள்ள ஒருத்தியும் இதைத் தீக்குக் குடுக்க மாட்டா. அபராதம் போட்டா வலையைக் கிழிச்சு ஆத்துல போடுவா. தனி வாளி வைங்க. எரிக்காம புதைங்க."

"புதைக்கிற செலவு தாங்காமதானே உலையே வாங்கினோம், இபு," என்றார் அவர். மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

லாரி போயிற்று. யாரும் சாப்பிடவில்லை. வெயில் சாய்ந்த நேரத்தில் காசியாத் திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தினான். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆலைக்காரன் கட்டுக்குக் கட்டு குத்திப் பார்த்தான். கொக்கி காய்ஞ்சேதான் வந்துச்சு. லோடை எடுத்துக்கிட்டான்."

பெண்களில் ஒருத்தி உட்கார்ந்து அழுதாள். விகாதி மூடி போட்ட வாளி ஒன்றைக் கழுவித் தூக்கிக்கொண்டு சந்துக்குள் இறங்கினாள். காசியாத் பின்னாலேயே வந்தான். ரத்ரி வாசலிலேயே நின்றிருந்தாள், கையில் புதிதாகக் கட்டிய பொதியோடு. பக்கத்து வாசல்களிலும் பெண்கள் வந்து நின்றார்கள்.

"இது தீக்குப் போகாதே?" என்றாள் ரத்ரி.

"போகாது," என்றாள் விகாதி, சந்து முழுக்கக் கேட்கும்படி.

பொதி வாளிக்குள் விழுந்தது. அடுத்த வீட்டுக்காரி உள்ளே ஓடி ஒன்றை எடுத்து வந்தாள். அதற்கடுத்த வீட்டிலும் கதவு திறந்தது. வாளி கனத்தபோது காசியாத் மெதுவாகக் கேட்டான்.

"நகராட்சி ஒண்ணும் சொல்லலையே, இபு. இதை எங்க கொண்டுபோய்க் கொட்டறது?"

"நம்ம கொல்லையில. மண்வெட்டி உன்கிட்ட இருக்கா?"