வளைத்த குழாய்

வாசலில் தப்பு அடிக்கத் தொடங்கியபோது மணவாளன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். அண்ணன் குணசேகரன் வீட்டுக்குள் ஐஸ் பெட்டியில் இருந்தான். நேற்று மத்தியானம் வீட்டை ஒட்டிய வெல்டிங் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், திருத்தணி ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

பாடையை வெளியே எடுக்க வழியில்லை. வீட்டையும் கே.ஜி.கண்டிகை ரோட்டையும் சேர்ப்பது ஒற்றைச் சந்து. அதை அடைத்துக்கொண்டு ஜாக்கிகள் மேல் நின்றது அந்த பிக்கப் வண்டி. நல்ல ரோடு இருக்கும்போது பாறை மேல்தான் ஏற்றுவேன் என்று அடம்பிடிக்கிற சென்னைக்காரர் ஒருவருடையது. பின் சக்கர ஆக்சிலைப் பிடித்துக்கொள்ள, இரும்புக் குழாயில் செய்த நான்கு லிங்க் ராடுகள் வேண்டும், மூன்றுதான் மாட்டியிருந்தது. நான்காவது இல்லாமல் உருட்டினால் ஆக்சில் திரும்பிக்கொண்டு வண்டி சந்திலேயே உட்கார்ந்துவிடும்.

சண்டையே அந்த நான்காவதை வைத்துத்தான். நேர்க் குழாய் போட்டால் டீசல் டேங்கில் இடித்தது. நீளத்தைக் குறைத்துப் போடலாம் என்றான் அண்ணன். குறைத்தால் பள்ளத்தில் இறங்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளும், டேங்கைச் சுற்றிக் குழாயை வளைத்து, வளைவில் இரும்புப் பட்டை வைத்து வெல்டு அடித்தால் போதும் என்றான் மணவாளன்.

"வளைச்ச குழா பாரம் வந்தா மடங்கிடும்டா. உனுக்குத் தெரியாத வேலைல வாய வெக்காத."

வண்டிக்காரர் முன்னாலேயே அண்ணன் இப்படிச் சொன்னான். அதிலிருந்து மணவாளன் அவனோடு பேசவில்லை. பொதட்டூர்பேட்டையில் ஒரு கேட் வேலையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். சாவுச் செய்தி அங்கேதான் போனில் வந்தது. அண்ணன் தன் மேல் கோபத்தோடேயே போய்விட்டானா? இனி யாரைக் கேட்பது?

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ஒரு நேர்க் குழாயைக் குறைத்து வெல்டு அடித்து மாட்டலாம் என்று பட்டறைப் பக்கம் நடந்தான். அண்ணன் சொன்னபடியே ஆகட்டும். அத்தை கௌரியம்மாள் வந்து குறுக்கே நின்றாள்.

"பொணம் இருக்கற வூட்ல அடுப்பே பத்த வெக்கல. நீ நெருப்பு கொளுத்துவியா?"

"வெல்டிங் அத்தே இது."

"பொறி பறக்குதில்ல? அப்ப நெருப்புதான்."

வண்டியை அப்படியே கவிழ்த்துத் தள்ளிவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். கட்டிப் பார்க்க ஒரு பழைய லிங்க் ராடாவது கிடைக்குமா என்று மணவாளன் பட்டறைக்குள் போனான். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அங்கே யாரும் கால் வைக்கவில்லை. பாதி எரிந்த வெல்டிங் குச்சியோடு ஹோல்டர் தரையில் கிடந்தது.

வைஸ் இடுக்கியில் ஒரு குழாய் இறுகியிருந்தது. டேங்கைச் சுற்றிப் போகிற அளவு வளைத்த குழாய். இரண்டு முனையிலும் வேலை முடிந்து, வளைவில் பட்டையும் வைத்திருந்தது. பட்டையின் ஒரு பக்கம் வெல்டு முழுசாக ஓடியிருந்தது, மறுபக்கம் பாதியில் நின்றிருந்தது.

மணவாளன் வைஸைத் தளர்த்திக் குழாயை வெளியே எடுத்தான். ரோடு வரைக்கும் உருட்ட அந்த அரை வெல்டு தாராளம். நெருப்பில்லாமல் இரண்டு போல்ட்டில் மாட்டினான். ஜாக்கிகளை இறக்கி ஆட்கள் தள்ள, வண்டி பிசகாமல் சந்தைவிட்டு இறங்கியது. பின்னாலேயே பாடை வந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பித் தலைமுழுகிவிட்டு வந்தபோது விளக்கு எரிந்தது. அண்ணி அனுசுயா அவனைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நேத்து சோறு துன்னுகினே சொன்னாரு. அவன் சொன்ன மாரியே வளைக்கறேன், வந்தான்னா காட்டிக்காத, ரொம்ப ஆடுவான்னு."

மணவாளன் வெளியே வந்தான். வண்டிக்காரர் போன் செய்தார், துக்கம் விசாரித்தார், பிறகு தயங்கித் தயங்கி வண்டியைக் கேட்டார். கருமாதி முடியட்டும், அந்த நான்காவது ராடு மட்டும் புதுசாகச் செய்து போட வேண்டும் என்றான் மணவாளன்.

மேற்கே, மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வந்தால் துரு பிடிக்கும். அவன் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் நின்ற வண்டிக்கு அடியில் நுழைந்தான். வெல்டு நின்றுபோன இடத்தை விரலால் தேடி, அதன் மேல் கெட்டியாகப் பூசினான். கிரீஸைத் துடைத்தெடுக்காமல் அங்கே இனி வெல்டு பிடிக்காது என்பது அவனுக்குத் தெரியும்; அண்ணன் விட்ட இடம் அப்படியே இருக்கட்டும்.