வாசமில்லாத கிழங்கு

ஐப்பசி மழை விழுந்துவிட்டால் வெள்ளாங்குளத்துக் கச்சான் கடலைத் தோட்டங்களில் களை எடுக்க ஆள் போதாது. அன்றைக்குக் கிருஷாந்தியும் தங்கை தனுசியாவும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் குந்தியிருந்து புல் பிடுங்கினார்கள். கோரையைப் பிடுங்கினால் அடியில் சின்னக் கிழங்கு வரும். தோலை நகத்தால் சுரண்டிவிட்டு மென்றால் வாசமாக இருக்கும். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் அது பழக்கம்.

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த தனுசியா மடியில் சேர்த்துச் சேர்த்துத் தின்றாள்.

"இங்கத்தக் கிழங்கு பெருசா இருக்கு அக்கா. கொஞ்சம் கைக்குது."

"கைச்சா துப்படி."

"பசிக்கு எல்லாம் ஒண்டுதான்" என்று சிரித்தாள்.

பொழுதுபடும்போது தனுசியாவுக்கு வாந்தி தொடங்கியது. விடிந்த பிறகும் நிற்கவில்லை. வயிற்றாலும் போனது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு சேலைன் ஏற்றி, அம்புலன்ஸில் மன்னாருக்கு அனுப்பினார்கள். அங்கே வார்ட்டில் இருந்த டொக்டர் டிலோஜினி, தனுசியாவின் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன சாப்பிட்டவா?"

"கோரைக்கிழங்குதான் டொக்டர். நானும் சாப்பிட்டனான்" என்றாள் கிருஷாந்தி.

"கோரைக்கு இப்பிடி வராது. பிடுங்கின இடத்தில என்னென்ன நிக்குதோ, எல்லாத்தையும் வேரோட கொண்டு வாங்கோ."

கிருஷாந்தியின் கணவன் சசிகரன் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினான். முதலில் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. தங்கை இருந்த வரிசையின் ஓரத்தில் களை எடுபடாமல் கிடந்த இடத்தில் குந்தி, அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கோரையின் தண்டை விரலுக்கிடையில் உருட்டினால் மூன்று மூலை தட்டுப்பட்டது. ஒரு கிழங்கிலிருந்து நூல் போல வேர் ஓடி அடுத்த கிழங்கைப் பிடித்திருந்தது. ஆனால் அதற்குள்ளேயே கலந்து நின்ற இன்னொன்றின் தண்டு உருண்டையாக இருந்தது. இலை புல் மாதிரி ஒடுங்கலாக, மெதுமையாக இருந்தது. நுனியில் சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு பூ. நூல் போன்ற ஆறு இதழ், கருஞ்சிவப்பு. அடியில் ஒற்றைக் கிழங்கு. பழுப்புத் தோலை உரித்தால் உள்ளே வெள்ளை. போன வருடத்துக் கிழங்கு சுருங்கி அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் காலம் முழுவதும் மண்ணுக்குள் செத்தது போலக் கிடந்து, மழைக்கு எழும்பியிருக்கிறது.

நசுக்கி மணந்து பார்த்தாள். ஒரு வாசமும் இல்லை.

"எத்தினை வருசமா இதுக்கு மேல நடந்து திரியிறம்" என்றான் சசிகரன். அவள் இரண்டையும் வேரோடு பையில் போட்டாள்.

டொக்டர் அதைப் படம் எடுத்து, செடிகளைப் படித்த யாருக்கோ அனுப்பினார். பதில் வந்த பிறகு கிருஷாந்தியை வெளியே கூப்பிட்டார்.

"கார்த்திகைப்பூக் கிழங்கில இருக்கிற அதே நஞ்சு இதிலயும் இருக்காம்."

"மருந்து இருக்குத்தானே டொக்டர்?"

"இந்த நஞ்சை முறிக்க எங்களிட்ட ஒண்டும் இல்லையம்மா. சேலைன் ஏத்துறம், இரத்தம் பாக்கிறம். அவவின்ர உடம்புதான் தாங்கோணும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"பக்கத்தில இருங்கோ."

வாந்தி நின்றபோது தனுசியா எழும்பி உட்கார்ந்து, குடிக்க நெல்லிக்கிரஷ் வேண்டும் என்று கேட்டாள். கிருஷாந்தி கடைக்கு ஓடினாள். போத்தலோடு திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். சிறுநீர் போவது நின்றுவிட்டது என்றார்கள், இரத்த அணுக்கள் விழுந்துவிட்டன என்றார்கள். தனுசியாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சாத்தினார்கள். அதன் பிறகு கிருஷாந்திக்குச் செய்ய இருந்தது வெளியே வாங்குப் பலகையில் இருப்பது மட்டும்தான். நேர்த்தி வைத்தாள். எந்தச் சாமிக்கு என்ன சொன்னோம் என்பதே மறந்துபோகுமளவுக்கு வைத்தாள். உள்ளேயிருந்து தாதி மிஸி வெளியே வரும்போதெல்லாம் எழும்பி நின்றாள். மிஸி தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். அது நல்லதா கெட்டதா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

தனுசியா ஏன் தப்பினாள் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் சிறுநீர் போனது. பிறகு கஞ்சி இறங்கியது. திரும்ப வார்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"தலை கடிக்குது அக்கா. சீவி விடு."

கிருஷாந்தி சீப்பை வைத்து இழுத்தாள். முடி கற்றையாகக் கையோடு வந்தது. இன்னொரு பக்கம் வைத்தாள். அதுவும் வந்தது. சீப்பை அப்படியே போட்டுவிட்டு டொக்டரிடம் ஓடினாள்.

டிலோஜினி வந்து பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "இந்த நஞ்சு அப்பிடித்தான். தப்பின ஆக்களுக்குத்தான் முடி கொட்டுறது. பயப்பிடாதையுங்கோ."

தனுசியா தலையணையில் கிடந்த முடியைத் தடவிப் பார்த்து விக்கி விக்கி அழுதாள். "வளருமா அக்கா?"

"வளரும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

கிருஷாந்திக்குத் தெரியாது. சீப்பை எடுத்து, மிச்சத்தை மெதுவாகச் சீவத் தொடங்கினாள்.