மைக்குக்குப் பின்னால் ஒரு வாய்

போன வருடம் எங்கள் வகுப்பு முழுவதும் ஒரு நீள மேசையைச் சுற்றி அடங்கிவிடும். பொருளியல் பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பேசுவார். எனக்குச் சிறு வயதிலிருந்தே காது மந்தம். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பேன். அம்மாவைத் தவிர, அறைத்தோழிக்கு மட்டும்தான் இது தெரியும். யாராவது பாவம் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் பல்கலைக்கழகம் சகட்டுமேனிக்கு ஆள் சேர்த்தது. வகுப்பு சாப்பாட்டுக்கூடத்துக்கு மாறியது. கைகழுவும் தொட்டி விளிம்பில்கூட உட்கார்ந்து எழுதினார்கள். பேராசிரியருக்கு ஒரு மைக் கொடுத்தார்கள். அவரோ அதைக் குச்சி ஐஸ் மாதிரி வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் பாடம் கேட்டது. எனக்கு வெறும் இரைச்சல். முண்டியடித்து முதல் வரிசையைப் பிடித்தும் பார்க்கக் கிடைத்தது மைக்தான்.

முதல் தேர்வில் மண்ணைக் கவ்வினேன். அடுத்ததிலும் கவ்வினால் இடம் போய்விடும்.

"பேசாம வீட்டுக்கு வந்துடும்மா. தபால்ல படிச்சுக்கலாம்," என்றாள் அம்மா, வீடியோவில். அவள் வாய் எனக்கு அத்துப்படி.

"படிச்சா இங்கதான் படிப்பேன்," என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் பாடம் தொடங்கியதும் எழுந்தேன். "சார், மைக்கை இறக்குங்க. எனக்குக் காது சரியாக் கேக்காது. உங்க வாயைப் பாத்தாத்தான் புரியும்."

அவர் திகைத்துப்போய் இறக்கினார். உடனே பின்வரிசையில் கைகள் ஆடின. ஓயாமல் பேசுவதால் 'வானொலி' என்று நான் பெயர் வைத்திருக்கும் அறைத்தோழி என் பக்கம் திரும்பினாள். "கேக்கலைன்னு கத்துறாங்கடி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு நிமிஷம் கேக்கலைன்னதும் கத்துறீங்களே! எனக்கு இந்த வருஷம் பூரா கேக்கலை. நான் இப்பத்தான் கத்துறேன்!"

நான் உட்காரவில்லை.

பேராசிரியர் மைக்கைச் சட்டைப்பையில் செருகிப் பார்த்தார். அது குப்புறச் சாய்ந்தது. நான் தலையிலிருந்த கிளிப்பை உருவிக்கொண்டு போய், மைக்கை நிமிர்த்திப் பையோடு சேர்த்துக் கவ்வவிட்டேன். முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"கேக்குதா?" என்று பின்வரிசையைக் கேட்டார். தலைகள் ஆடின. பிறகு என் பக்கம் திரும்பி அதையே கேட்டார். மாதக்கணக்கில் பார்க்காத அந்த உதடுகள் அசைந்தன.

"தெரியுது சார். முதல் பாடத்துலேருந்து ஆரம்பிங்க."